உல்ஃப்ரம் ஆல்ஃபா: கேள்வி கேட்டால் கணக்குப் போட்டுத் தரும் தளம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம், தேர்தல் முடிவு வந்த அந்த வாரக் கடைசியில், உல்ஃப்ரம் ஆல்ஃபா என்ற புதிய தளம் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தேன். முறைப்படி அறிவித்த நாள் 2009 மே 18. அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரமாவது அதோடுதான் இருக்கிறேன். நான் அதைப் பற்றிப் பேசிப் பேசியே என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள்: டியூஷன் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அண்ணன், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வெள்ளாமை பார்க்கும் சித்தப்பா. எல்லோருக்கும் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இது 2009 ஜூன் மாத நிலவரம்.

இது என்னதுங்க? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு பெட்டி இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வியோ கணக்கோ எழுதினால், தன்னிடம் இருக்கும் விவரத்தை வைத்து அப்போதே கணக்குப் போட்டு, விடையை ஒரு பக்கமாக எழுதிக் காட்டும். எண், வரைபடம், அட்டவணை, அலகு மாற்றம் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்படியென்றால் கூகுள் மாதிரிதானே?

இல்லைங்க. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கூகுள் என்ன செய்கிறது? உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்த பக்கங்களை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு, நம் சொற்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று காட்டுகிறது. விடை அந்தப் பக்கங்களில் ஏதோ ஒன்றில் இருந்தால் நம் அதிர்ஷ்டம். யாரும் இதுவரை எழுதாத விடை என்றால் கூகுளுக்குக் கிடைக்காது. ஆல்ஃபா மற்றவர்களின் பக்கங்களைத் தேடிப் போவதே இல்லை. நாடுகள், ஊர்கள், தனிமங்கள், கோள்கள், உணவுச் சத்து, நாணய மதிப்பு, வானிலை என்று துறை துறையாக விவரம் திரட்டி, ஆட்கள் வைத்துச் சரிபார்த்து, கணினி கணக்கிடத் தோதாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் கேள்வியை வாங்கி, எந்த விவரத்தை எடுத்து எந்தச் சூத்திரத்தில் போடவேண்டும் என்று அது முடிவுசெய்கிறது. யாருமே இதற்குமுன் கேட்டிராத கேள்விக்கும் அதனால் விடை வருகிறது.

முதல் நாள் நான் போட்டது 1729. ஈரோட்டுக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியார் வேலை பார்க்கிற எவருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரசியம் இல்லாத எண் என்றாராம். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார் ராமானுஜன்: 1-இன் கனமும் 12-இன் கனமும், 9-இன் கனமும் 10-இன் கனமும். ஆல்ஃபா அந்த எண்ணை 7, 13, 19 என்று பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டியது. ரோமன் எண்ணில் எழுதியது, இரும எண்ணாக எழுதியது. ஒரே ஒரு எண்ணைக் கொடுத்ததற்கு இவ்வளவு.

அப்புறம் ராமானுஜனின் பெயரைப் போட்டேன். பிறந்த தேதியும் ஊரும் வந்தன. ஈரோடு என்று திரையில் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சூட்டோடு ஈரோடு என்று மட்டும் ஆங்கிலத்தில் தட்டினேன். மண் அரித்துப்போவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் வினைச்சொல்லுக்கும் நம் ஊருக்கும் ஒரே எழுத்து. அது அந்தச் சொல்லின் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. ஊர்ப் பெயரோடு தமிழ்நாடு என்றும் சேர்த்துப் போட்டால் குழப்பம் இல்லை. சேலத்துக்காரர்களும் இதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகரத்துக்கும் சேலம் என்றுதான் பெயர்.

யார் செய்தது?

ஸ்டீவன் உல்ஃப்ரம். லண்டனில் 1959-இல் பிறந்த இயற்பியலாளர். 20 வயதில் அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். என்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு மேத்தமேட்டிகா என்ற மென்பொருள் தெரிந்திருக்கும். 1988-இல் அதை வெளியிட்டவர் இவர்தான். ஆல்ஃபாவுக்குள்ளே ஓடிக்கொண்டிருப்பதும் அந்த மேத்தமேட்டிகாதான். இருபது வருடமாகக் கணக்குப் போடக் கற்ற ஒன்றுக்கு இப்போது உலக விவரத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். திறப்பு விழாக் கூட்டத்தைத் தாங்குவதற்கென்று கிட்டத்தட்ட 10,000 பிராசசர் கோர்களைத் தயாராக வைத்திருந்தார்கள். அப்படியும் முதல் இரண்டு நாள் எனக்குச் சில கேள்விகள் பாதியில் நின்றன. இப்போது பரவாயில்லை.

எனக்கு இது என்னத்துக்கு ஆகும்? நான் விவசாயி.

சித்தப்பா கேட்ட கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

பவானிசாகர் அணை நிறைந்தால் 105 அடி, 32.8 டிஎம்சி. நம் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுவார்கள். அந்த 32.8 டிஎம்சி கண்ணுக்கு எவ்வளவு என்று கேட்டால்தான் பதில் வராது. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. ஆக 32.8 பில்லியன் கன அடி என்று ஆல்ஃபாவுக்குச் சொன்னோம். லிட்டரில் கேட்டோம். சுமார் 92,900 கோடி லிட்டர். சித்தப்பா திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணும் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்தது.

வேறு மாதிரி கேட்டேன். கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது அந்த வாய்க்கால் பாயும் நிலம், 2,07,000 ஏக்கர். நிறைந்த அணையை அப்படியே கவிழ்த்து அந்த 2,07,000 ஏக்கரிலும் சமமாகப் பரப்பினால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்? "32.8 பில்லியன் கியூபிக் ஃபீட் டிவைடட் பை 207000 ஏக்கர்ஸ் இன் ஃபீட்" என்று ஆங்கிலத்தில் தட்டினேன். 3.64 அடி. உடனே சித்தப்பா எழுந்து நின்று தன் இடுப்புப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். வேர்வழி, ஆவி, வாய்க்கால் கசிவு எல்லாம் போக ஒரு போக நெல்லுக்கு எத்தனை அடி தண்ணீர் வேண்டும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களுக்கும் இதே அணையிலிருந்துதான் போகவேண்டும். ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்து 1,03,500 ஏக்கருக்கு ஒரு முறை, மீதிக்கு அடுத்த முறை என்று ஏன் தண்ணீர் விடுகிறார்கள் என்பது அந்த 3.64-இல் தெரிந்துவிட்டது.

பிறகு அவரே அடுத்த கேள்வியைச் சொன்னார். வாய்க்காலில் 2,300 கன அடி வீதம் 120 நாள் விட்டால் எவ்வளவு ஆகும்? வினாடிக்கு 2,300 கன அடி, அதைப் பெருக்கல் 120 நாள் என்று எழுதினால் போதும், நாளை வினாடியாக மாற்றுவதை அதுவே செய்துகொள்கிறது. 23.85 டிஎம்சி. அணையில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. இந்த இரண்டு கணக்கையும் நான் கையாலேயே போட்டிருக்கலாம், கால்குலேட்டரிலும் போட்டிருக்கலாம். ஏக்கரைச் சதுர அடியாக்கி, நாளை வினாடியாக்கி, எங்கேயோ ஒரு சைபரை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்திருப்பேன். சித்தப்பா அதற்குள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பார். கேட்ட கேள்விக்குக் கேட்ட சூட்டில் விடை வந்ததால்தான் அடுத்த கேள்வி அவருக்குப் பிறந்தது. எனக்கு இந்தத் தளத்தில் பிடித்ததே அதுதான்.

கிணற்று மோட்டார், போர் மோட்டார் கணக்கெல்லாம் வருமா?

வரும். 10,000 லிட்டர் தண்ணீரை 300 அடி ஆழத்திலிருந்து மேலே தூக்க எவ்வளவு மின்சாரம்? எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கி கிலோவாட் மணியில் கேளுங்கள். சுமார் 2.5 யூனிட். இது தண்ணீரைத் தூக்க மட்டுமே ஆவது. மோட்டாரிலும் பம்பிலும் பைப்பிலும் வீணாவதைச் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். 5 ஹெச்பி என்றால் 3.73 கிலோவாட் என்பதையும் கேட்ட உடனே சொல்லும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு?

அண்ணன் மெர்ச்சண்டைசர். டாலர், யூரோ மாற்று மதிப்புக்கு மட்டும்தான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் நூல் கவுண்ட்டைப் போட்டுக் காட்டினேன்.

30-ஆம் நம்பர் நூல் என்று தினமும் சொல்கிறோம். அந்த 30 எதைக் குறிக்கிறது? 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் அப்படி 30 சிட்டம் இருந்தால் அது 30-ஆம் நம்பர். ஆங்கிலேயர் காலத்துக் கஜமும் பவுண்டும் இன்னும் நம் நூலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நூல் விற்பது கிலோவில், துணி அளப்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. எல்லாம் கலந்து கிடக்கிற இந்த மாதிரி இடத்தில்தான் ஆல்ஃபா ரொம்ப உதவி. 30 பெருக்கல் 840 கஜம், வகுத்தல் ஒரு பவுண்டு, அதைக் கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டோம். 50.8 வந்தது. ஒரு கிலோ கோனைப் பிரித்து ஒரே இழையாக நீட்டினால் கோயம்புத்தூரில் பிடித்த நூல் ஏறக்குறைய திருப்பூர் வந்து சேரும். பதினோரு வருடமாக நூலோடு இருக்கிறவன், இதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்றான்.

ஒரு விஷயம்: "30 கவுண்ட்" என்று மட்டும் போட்டால் அதற்குப் புரியாது. நம் தொழில் சொல்லைக் கஜமும் பவுண்டுமாகப் பிரித்து நாம்தான் கொடுக்கவேண்டும்.

விடை தவறாக வருமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கூட்டல், பெருக்கலில் அது தவறு செய்து நான் பார்க்கவில்லை. தவறு நடப்பது அதற்கு முன்னால், நம் கேள்வியைப் புரிந்துகொள்ளும் இடத்தில். சித்தப்பாவின் கரும்பு ஏக்கருக்கு 40 டன் வந்தது. வண்டிக் கணக்குக்காகக் கிலோவில் வேண்டும் என்று "40 டன்ஸ் இன் கேஜி" என்று போட்டேன். ஆயிரத்தால் பெருக்கவேண்டியதுதானே என்று விடாமல், தளத்தைக் காட்டவேண்டும் என்ற ஆசையில் போட்டது. 36,287 என்று வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். சித்தப்பா வாசலில் நின்று தாளைப் பார்த்தார். "டன்னுன்னா ஆயிரம் கிலோதானே அம்மணி? மூணே முக்கால் டன் எங்கே போச்சு?" என்றார்.

அமெரிக்காவில் டன் என்றால் 2,000 பவுண்டு. அதாவது 907 கிலோ. ஆல்ஃபா அந்த டன்னை எடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் சொல்வது மெட்ரிக் டன். இங்கிலாந்தின் பழைய டன் இன்னொன்று, 1,016 கிலோ. காலன் கதையும் இப்படித்தான்: அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், இங்கிலாந்துக் காலன் 4.546 லிட்டர். இடம் அளக்கிற நம் சென்ட்டைப் போட்டபோது அது அமெரிக்கச் சில்லறைக் காசாக எடுத்துக்கொண்டது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று சதுர அடியிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏக்கரில் கொடுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். டன்னை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அது மறைக்கவில்லை. விடைப் பக்கத்தின் உச்சியில், விடைக்கும் மேலே, உங்கள் கேள்வியை நான் இப்படி எடுத்துக்கொண்டேன் என்று ஒரு கட்டம் வரும். அங்கே ஷார்ட் டன்ஸ் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் விடைக்குத் தாவிவிட்டேன். வேறு பொருளும் இருக்கலாம் என்று அதற்குத் தோன்றினால், அதற்கும் ஒரு வரி போட்டு, அதைத் தொட்டால் மாற்றிக் கணக்கிடும். இப்போது டியூஷனில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் அந்தக் கட்டத்தை வாய்விட்டுப் படிக்கவேண்டும். நாம் கேட்டது அதுதான் என்றால் கையை எடுக்கலாம்.

பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை இதில் போட்டு எழுதிக்கொண்டு வந்துவிட மாட்டார்களா?

வருவார்கள். வந்தார்கள். தொகையீட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டால் விடையோடு ஷோ ஸ்டெப்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் படி படியாக வழியும் வந்துவிடும். பெற்றோர் கவலைப்படுவது நியாயம்தான். என் அனுபவத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கி அதன் தொகையீடு காணச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் ஆல்ஃபாவில் பார்த்து எழுதி வந்தான்: மைனஸ் அரை காஸ் ஸ்கொயர் எக்ஸ். கையால் போட்ட பிள்ளை எழுதி வந்தது: பிளஸ் அரை சைன் ஸ்கொயர் எக்ஸ். இரண்டு பேருக்கும் சண்டை. யாருடையது தவறு? இரண்டுமே சரி. சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் கூடினால் ஒன்று. ஆக இரண்டு விடைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் வெறும் அரை, ஒரு மாறிலி. கடைசியில் "பிளஸ் சி" போட மறந்தால் ஏன் மார்க் குறைக்கிறார்கள் என்று வருடா வருடம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவேன். அந்தச் சாயங்காலம் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. போர்டில் இரண்டையும் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு அவர்களாகவே "சி"யைக் கொண்டுபோய் ஒட்டினார்கள்.

இன்னொன்று, லாகரிதம். லாக் 2 என்றால் 0.3010 என்று நம் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆல்ஃபா 0.6931 என்கிறது. அது லாக் என்று மட்டும் சொன்னால் இயல் மடக்கையாக எடுத்துக்கொள்கிறது, நம் டேபிள் புத்தகத்தில் இருப்பது அடிமானம் 10. இதையும் மேலே சொன்ன கட்டத்தின் பக்கத்திலேயே எழுதித்தான் காட்டுகிறது. அடிமானம் 10 என்று குறிப்பிட்டுக் கேட்டால் நம் 0.3010 வந்துவிடும். இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள்.

என் விதி இதுதான்: முதலில் கையால் போடு, அப்புறம் ஆல்ஃபாவில் சரிபார், இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் என்னிடம் வா. ஒத்துவராமல் வந்த கணக்குகளில்தான் இந்த மாதம் நாங்கள் அதிகம் பாடம் படித்திருக்கிறோம். கிராஃப் வரைவதற்கும் விட்டுவிடுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். ஒரு சமன்பாட்டில் ஒரு எண்ணை மாற்றினால் வளைவு எப்படி நகர்கிறது என்று பத்து முறை மாற்றிப் பார்க்க கிராஃப் பேப்பரில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

தமிழில் கேட்கலாமா?

முடியாது. தமிழில் தட்டினால், இதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. ஆங்கிலத்திலும் சுற்றி வளைத்துப் பேசினால் அதே வரிதான். சுருக்கமாக, பெயரும் எண்ணும் அலகுமாகக் கேட்டால்தான் பிடித்துக்கொள்ளும்.

இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அணைக் கணக்கை நான் ஆங்கிலத்தில் தட்டியதால்தான் சித்தப்பாவுக்கு விடை கிடைத்தது. கேள்வி முழுக்க அவருடையது. மா, குழி, வள்ளம், பலம், கண்டி என்று அளவுகள் அத்தனையும் அவர் நாக்கில் இருக்கின்றன. பஞ்சு வியாபாரத்தில் கண்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஒரு கண்டி ஏறக்குறைய 356 கிலோ. இந்த அளவுகளையும் தமிழ்க் கேள்வியையும் புரிந்துகொள்கிற ஒன்றை நம் காலேஜ் பிள்ளைகள் யாராவது செய்யவேண்டும். என்னால் ஆனது, ஒரு நோட்டில் அளவுகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள். ஊருக்கு ஊர் வள்ளத்தின் அளவு மாறும், அதனால் எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நம்ம ஊர் விவரம் அதில் இருக்கிறதா?

நாடு, பெரிய நகரம் வரைக்கும் இருக்கிறது. சிற்றூர், ஒன்றியம், மார்க்கெட் விலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இன்றைக்குக் குவிண்டால் என்ன விலை, நொய்யலில் ஓடுகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

மக்கள்தொகை மாதிரி எண்களை எடுக்கும்போது எந்த வருடத்து எண் என்று பாருங்கள். இது ஆல்ஃபாவுக்கு மட்டும் சொல்வதில்லை. திருப்பூர் மாவட்டம் பிறந்ததே இந்த பிப்ரவரியில்தான். 2001 கணக்கெடுப்பில் கோவை மாவட்டம் என்று இருக்கும் எண்ணுக்குள் அவிநாசி, பல்லடம், உடுமலை எல்லாம் அடக்கம். ஈரோட்டு எண்ணுக்குள் தாராபுரமும் காங்கயமும் அடக்கம். பழைய எண்ணை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்தால் பொருந்தாது. பக்கத்தின் அடியில் விவரம் எங்கிருந்து எடுத்தது என்று பார்க்க ஒரு இணைப்பு இருக்கிறது. நீளமான பட்டியலாக வருகிறதே தவிர, இந்தக் குறிப்பிட்ட எண் இந்த இடத்திலிருந்து என்று விரல் வைத்துக் காட்டுவதில்லை. இது ஒரு குறை, இதைச் சரிசெய்தால் நல்லது.

பஞ்சாங்கம் பார்க்கலாமா?

திதி, நட்சத்திரம், ராகு காலம் கிடையாது. சூரிய உதயம், மறைவு, நிலவின் பிறை, கிரகணம் இதெல்லாம் கிடைக்கும். அடுத்த சூரிய கிரகணம் எப்போது என்று கேட்டுப் பாருங்கள்: 2009 ஜூலை 22. ஆடி அமாவாசையை ஒட்டி, விடிகாலையில். சூரத், வாரணாசி, பாட்னா பக்கம் முழுக் கிரகணம். நமக்குப் பகுதிதான் தெரியும், அதுவும் வானம் விட்டால். தென்மேற்குப் பருவக்காற்று நாளில் மேகம் இல்லாமல் இருக்கவேண்டுமே என்று இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஜனவரி 15-ஆம் தேதி ராமேசுவரம், கன்னியாகுமரிப் பக்கம் கங்கண கிரகணம் வருகிறது, அதற்கு டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

காசு கட்டவேண்டுமா? வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்?

காசு இல்லை. பிரவுசிங் சென்டரில் அரை மணி போதும், ஆனால் கேள்விகளை முன்னாலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விடைகள் படமாக வருவதால் நெட் மெதுவாக இருந்தால் கொஞ்சம் காத்திருக்கவேண்டும்.

அப்போ கூகுளை விட்டுவிடலாமா? பிங் என்று ஒன்றும் வந்திருக்கிறதாமே?

மைக்ரோசாஃப்ட்டின் பிங் இந்த மாதம் 3-ஆம் தேதி வந்தது. அது கூகுள் செய்வதைச் செய்ய வந்தது. கவுன்சலிங்குக்கு எந்தக் காலேஜ் நல்லது, மஞ்சளில் இலைக்கருகலுக்கு என்ன மருந்து என்பதற்கெல்லாம் கூகுளோ பிங்கோதான். அளவும் எண்ணும் தேதியும் உள்ள கேள்வி என்றால் ஆல்ஃபா.

முதலில் என்ன கேட்டுப் பார்க்கலாம்?

உங்களுக்கு விடை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். சித்தப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். அணைக் கணக்குக்கெல்லாம் முந்தி, முதல் நாள் வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "நம்ம காடு ரெண்டு ஏக்கரா அறுவது சென்ட்டு. அது ஹெக்டேர்ல எவ்வளவுன்னு சொல்லச் சொல்லு" என்றார். 2.6 ஏக்கர் என்று போட்டேன். 1.052 ஹெக்டேர் என்று வந்தது. அவர் மஞ்சப்பையிலிருந்து சிட்டாவை எடுத்து, மடிப்பைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து அந்த வரியைத் தேடினார். 1 ஹெக்டேர் 5.2 ஏர்ஸ். திரையை ஒருமுறை, தாளை ஒருமுறை பார்த்தார். சிட்டாவைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சரி அம்மணி, இப்ப டேம் தண்ணிக் கணக்கைக் கேளு" என்றார்.